பழைய காம்பவுண்ட் ரைசரில் ரிகர்வ் வில் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில். இங்கே சனிக்கிழமை காலையில் யார்டு சேல் (வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பது) பார்க்கப் போனால், மீன் தூண்டிலுக்கும் பழைய டயருக்கும் நடுவில் ஒரு காம்பவுண்ட் வில் சாய்ந்து கிடக்கும். நாண் நைந்திருக்கும், கேபிளில் துரு ஏறியிருக்கும். விலை 20 அல்லது 30 டாலர். அதன் நடுப்பகுதியை மட்டும் எடுத்து ரிகர்வ் வில்லாக மாற்றும் வேலையை ஒன்பது வருடமாகச் செய்து வருகிறேன். ஆங்கிலம் பேசும் வில்லாளர்கள் இப்படிச் செய்த வில்லை ‘வார்ஃப்’ என்பார்கள்.

ரேஞ்சில் பக்கத்தில் நிற்பவர், இங்குள்ள தமிழ் நண்பர்கள், கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமா பையன் என எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

ரைசர், லிம்ப், காம்பவுண்ட், ரிகர்வ்... முதல்ல இதெல்லாம் என்னன்னு சொல்லுங்க.

கையால் பிடிக்கும் நடுப்பகுதி ரைசர். அதன் மேலும் கீழும் வளைந்து விசை தருகிற பட்டைகள் லிம்ப். லிம்பின் நுனி எய்பவருக்கு எதிர்ப்பக்கமாக வளைந்திருந்தால் அது ரிகர்வ். ஒலிம்பிக்கில் தீபிகா குமாரி கையில் பார்ப்பது ரிகர்வ் வில்தான்.

காம்பவுண்ட் வில்லில் லிம்ப் நுனிகளில் சக்கரங்கள் இருக்கும். மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் 1966இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து 1969இல் பெற்ற அமைப்பு அது. முழுசாக இழுத்த பிறகு சக்கரம் சுமையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அமெரிக்க வேட்டைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக இதற்கு மாறினார்கள். அன்று விற்ற வில்களின் ரைசர்கள்தான் இன்று யார்டு சேலில் கிடக்கின்றன. சக்கரம், கேபிள், பழைய லிம்ப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ரைசரில் ரிகர்வ் லிம்ப் பொருத்துவதுதான் நாம் செய்யப்போகும் வேலை.

புது ரைசரே வாங்கிடலாமே? இதுல என்ன லாபம்?

பணக் கணக்கு மட்டும் என்றால் பெரிய லாபம் கிடையாது. இன்று ஆரம்பநிலை அலுமினிய ரைசர் நியாயமான விலைக்கே வருகிறது. லிம்ப், நாண், போல்ட் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான். மரை வெட்டும் டேப் செட், டிரில் பிட் வாங்க வேண்டியிருந்தால் கணக்கு புது ரைசர் பக்கமே சாயும். வில்வித்தை கற்றுக்கொள்ள வருபவர்களிடம் புது ரைசர் வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு இதில் பிடித்தது வேறு. பழைய ரைசர்களில் பல குட்டையானவை; 18, 20 அங்குலம். காட்டுப் பாதையில் நடந்து எய்ய இந்த அளவு அருமையாக இருக்கும். சிலவற்றில் மரக் கைப்பிடி இருக்கும். முப்பது வருடம் யாரோ ஒருவர் உள்ளங்கை பட்டு வழவழத்துப்போன வால்நட் மரம் அது. நன்றாக வார்த்த உலோகம் சக்கரம் பழசானதால் மட்டும் குப்பைக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எந்தப் பழைய வில் ஆகும்? பார்த்தவுடனே எப்படிச் சொல்றது?

லிம்ப் உட்காரும் பள்ளத்தை, அதாவது லிம்ப் பாக்கெட்டை, முதலில் பாருங்கள். அகலமான ஒற்றை லிம்ப், ஒரு போல்ட், தட்டையான அடித்தளம் இருந்தால் நல்ல அறிகுறி. லிம்ப் இரண்டு கீற்றாகப் பிளந்திருந்தாலும், வில்லைப் பக்கவாட்டில் பார்க்கும்போது இரண்டு லிம்பும் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடந்தாலும் அதைத் தொடாதீர்கள். புதிய காம்பவுண்ட்கள் பெரும்பாலும் அந்த வகை.

அடுத்து கைப்பிடியின் இடம். இரண்டு பாக்கெட்டையும் இணைத்து ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியின் குழி அந்தக் கோட்டிலோ, கோட்டைத் தாண்டி இலக்குப் பக்கமோ இருந்தால் எய்ய இதமான வில் கிடைக்கும். எய்பவர் பக்கம் நிறையத் தள்ளி இருந்தால் நாண் மணிக்கட்டுக்கு மிக நெருங்கிவிடும், சின்னக் கைப்பிழையும் பெரிதாகத் தெரியும். எழுபது, எண்பதுகளின் பேர் (Bear), ஜென்னிங்ஸ், பிஎஸ்இ, மார்ட்டின், பிரௌனிங், ஹோய்ட் நிறுவன ரைசர்களில் பொருந்துபவை நிறைய உண்டு. ஆனால் பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது. ஒரே பெயரில் வெவ்வேறு வருடம் வெவ்வேறு வார்ப்பு வந்திருக்கிறது.

மெக்னீசியமா அலுமினியமா? மெக்னீசியம் தீப்பிடிக்கும்னு சொல்றாங்களே?

அந்தக் கால வார்ப்பு ரைசர்களில் பெரும்பாலானவை மெக்னீசியம். வெளியில் தெரியாத ஓர் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துக் குமிழி விட்டால் மெக்னீசியம். சும்மா இருந்தால் அலுமினியம். பார்த்ததும் துடைத்துக் கழுவிவிடுங்கள். பெயின்ட் உரிக்க அமிலம் கலந்த எதையும் இதில் பூசக் கூடாது என்பதற்கும் அந்தக் குமிழியே சாட்சி.

ரைசர் அப்படியே கிடக்கும்போது தீப்பிடிக்காது. ஆபத்து தூளில்தான். அரம் போட்ட பொடியும் டிரில் சுருளும் ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், கண் கூசும் வெள்ளையாக எரியும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். அதனால் கிரைண்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கூரான பிட்டை மெதுவாக ஓட்டுங்கள், தூளை அவ்வப்போது கூட்டி அப்புறப்படுத்துங்கள், பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் வையுங்கள். பட்டறையில் இரும்பு வெல்டிங் நடக்கும் மூலையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

பழைய நாண்தானே, கேபிளை வெட்டி எடுத்துடலாமா?

கூடாது. சும்மா மாட்டி வைத்திருக்கும் காம்பவுண்டிலும் லிம்ப் வளைந்த நிலையில்தான் இருக்கிறது. கேபிளை வெட்டினால் அந்த விசை முழுக்க ஒரே நொடியில் வெளிவரும், சக்கரமோ கேபிள் நுனியோ முகத்தைத் தேடி வரும்.

சில பழைய வில்களில் இரண்டு போல்ட்டையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக மாற்றி மாற்றித் தளர்த்தினால் இறுக்கம் முழுக்கப் போய்விடும். வேறு சிலவற்றில் இறுக்கம் இருக்கும்போதே மரை முடிந்து போல்ட் கையோடு வந்துவிடும். உங்கள் வில் எந்த வகை என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வில் கடைக்குக் கொண்டுபோய், லிம்பை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸில் வைத்துக் கழற்றித் தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

இத்தனை வருஷப் பழசு. உள்ளே விரிசல் இருந்தா?

இருந்தால் அந்த ரைசர் சுவரில் மாட்டத்தான். இதில் பேரம் கிடையாது. விரிசல் விடும் இடங்கள் போல்ட் இறங்கும் குமிழைச் சுற்றி, பாக்கெட்டின் வெளி உதடு, கைப்பிடியின் ஒடுங்கிய கழுத்து, கேபிளை ஒதுக்கிப் பிடிக்கும் கம்பி செருகியிருந்த துளை.

கோவைக்காரர்களுக்கு வழி சுலபம். எந்த ஃபவுண்டரியிலும் சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்துப் பார்க்கும் ‘டை பெனிட்ரன்ட்’ சோதனை தெரியும். அது கிடைக்காத இடத்தில் நான் பழைய முறையைச் செய்கிறேன். பெயின்ட் உரித்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவுவேன். விரிசலுக்குள் தங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து பொடியில் கோடு போடும். என் மூன்றாவது ரைசரில் கீழ்ப் பாக்கெட்டுக்குப் பின்னால் அப்படி ஒரு கோடு எழும்பியது. தலைமுடி அளவு, நகத்தால் வருடினால்கூடத் தெரியாது. அதற்குப் புதுப் பெயின்ட் அடித்து ஆசையாக மெருகு ஏற்றிய பிறகுதான் சோதிக்கவே தோன்றியது. இப்போதெல்லாம் சோதனை முடியாமல் பிரஷ்ஷைத் தொடுவதில்லை.

ஐ.எல்.எஃப். லிம்ப்தான் வேணும்னு சொல்றீங்களே, அது என்ன?

‘இன்டர்நேஷனல் லிம்ப் ஃபிட்டிங்’ என்பதன் சுருக்கம். ஹோய்ட் நிறுவனம் கொண்டுவந்த பொருத்தும் முறை அது. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இன்று கொரியா, சீனா, அமெரிக்கா என எங்கு செய்த லிம்பும் அதே அமைப்பில் வருகிறது. ஒன்று கெட்டால் இன்னொன்றை வாங்கி மாட்டலாம்.

லிம்பின் அடியில் ‘U’ வடிவ வெட்டு இருக்கும். போல்ட் அதில் நுழையும். அங்கிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி ஒரு சின்ன உலோகக் குமிழ் இருக்கும். அது ரைசரின் பள்ளத்தில் ‘டிக்’ என்று உட்காரும். நாண் ஏற்றியதும் லிம்ப் பாக்கெட்டின் வெளி விளிம்பில் ஊன்றி நெம்பும், அதன் அடிப்பகுதி எழும்பி போல்ட் தலையில் முட்டி நிற்கும். சுமையைத் தாங்குவது போல்ட்டும் விளிம்பும்தான். குமிழின் வேலை லிம்ப் நழுவாமலும் பக்கவாட்டில் திரும்பாமலும் பிடிப்பது. நாண் இல்லாதபோது லிம்ப் லொடலொடவென்று ஆடினால் பயப்படாதீர்கள், அது அப்படித்தான் இருக்கும்.

காம்பவுண்ட் ரைசரில் அந்தப் பள்ளம் இருக்காது. வசதி உள்ளவர்கள் அலுமினியத் தகட்டில் பள்ளம் மில்லிங் செய்து பாக்கெட்டில் பதிக்கிறார்கள். நான் குமிழைக் கழற்றி வைத்துவிட்டு, அதே துளை வழியாக ஓர் எஃகு ஊசியை ரைசருக்குள் இறக்குகிறேன். லிம்புக்கு எந்தச் சேதமும் இல்லை, நாளைக்கே குமிழைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பழைய போல்ட் ‘U’ வெட்டில் நுழையவில்லை என்றால் போல்ட்டை மாற்றுங்கள், லிம்பை ராவாதீர்கள். இன்னொன்று, பாக்கெட்டின் விளிம்பு லிம்பின் தடித்த பகுதியில் ஊன்ற வேண்டும். அதைத் தாண்டி மெல்லிய இடத்தில் ஊன்றினால் லிம்ப் அங்கேயே முறியும்.

எதைக் கேட்டாலும் கோணத்தைப் பாருங்கறீங்க. அப்படி என்ன இருக்கு அதுல?

எல்லாமே இருக்கிறது. பாக்கெட்டின் தளம் சாய்ந்திருக்கும் கோணம் சக்கர வில்லுக்காகத் தீர்மானித்தது. நாம் மாட்டுவதோ வேறு லிம்ப். தளம் இலக்குப் பக்கம் அதிகம் சாய்ந்தால் நாண் ஏற்றவே மூச்சு முட்டும், இழுவிசை எகிறும், லிம்ப் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். எய்பவர் பக்கம் அதிகம் சாய்ந்தால் நாண் ஏற்றியதும் லிம்பில் இருக்க வேண்டிய முன்விசை இருக்காது, அம்பு சோம்பலாகப் போகும். நடு அளவு லிம்புக்குக் கணக்குப் போட்டால் ஒரு டிகிரி மாற்றம் நுனியை 9 மி.மீ.க்கு மேல் நகர்த்துகிறது.

நான் செய்வது இதுதான். நண்பரிடம் ஒரு நல்ல ஐ.எல்.எஃப். ரைசரை ஒரு மணி நேரம் இரவல் வாங்கி, பிரவுன் தாளில் படுக்கவைத்துப் பக்கவாட்டு உருவத்தைக் கூரான பென்சிலால் வரைவேன். இரண்டு தளத்தையும் ஸ்கேல் வைத்து ஒரு முழம் நீட்டிக் கோடு போடுவேன். பழைய ரைசரையும் அதேபோல் இன்னொரு தாளில் வரைவேன். பிறகு இரண்டையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பிடித்து, வெயில் ஊடுருவ, கைப்பிடிக் குழியை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் கோடுகள் எங்கே பிரிகின்றன என்று கண்ணுக்கே தெரியும். கொஞ்சம் பிரிந்தால் தளத்தில் ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். கெட்டியான மேப்பிள் மரம், பினாலிக் அட்டை, அலுமினியம் எதுவும் ஆகும். நான் 3 டிகிரிக்கு மேல் ஆப்பு வைப்பதில்லை. அதற்கு மேல் தேவைப்படும் ரைசரைத் துளை போடாமல் எடுத்து வைத்துவிடுகிறேன்.

ஊசிக்குத் துளை போடறது கண் அளவுல போட்டா போதாதா?

போதாது. ஊசிக்கும் போல்ட்டுக்கும் இடையே வெறும் 5 செ.மீ.தான். அங்கே துளை 1 மி.மீ. விலகினால் அரை மீட்டருக்கு மேல் நீண்டிருக்கும் லிம்பின் நுனியில் அது 10 மி.மீ. ஆகிவிடும். நாண் லிம்பின் நடுவில் ஓடாமல் ஓரத்துக்குப் போகும், லிம்ப் முறுக்கும்.

என் முதல் ரைசரை இப்படித்தான் கெடுத்தேன். கை டிரில்லில், பாக்கெட்டின் ஓரத்திலிருந்து அளந்து போட்டேன். வார்ப்பின் ஓரம் நேராக இருக்கும் என்று நம்பியது தவறு. இப்போது முதலில் போல்ட்டை மட்டும் போட்டு இரண்டு லிம்பையும் லேசான கிளாம்ப்பில் நிறுத்துகிறேன். ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு நூல் கட்டி, நூல் இரண்டு லிம்பின் நடுக்கோட்டிலும் ஸ்டெபிலைசர் (வில் ஆடாமல் இருக்க முன்னால் மாட்டும் தண்டு) துளையின் நடுவிலும் விழும்வரை தட்டித் தட்டி நகர்த்துகிறேன். விழுந்த பிறகு லிம்பின் துளை வழியாகவே புள்ளி குத்திக்கொண்டு, டிரில்லிங் மெஷினில் வைத்துத் துளை. பாதி நாள் ஆகும். ஆகட்டும்.

அமெரிக்க போல்ட் கிடைக்கலை. எட்டு எம்.எம். போல்ட் கிட்டத்தட்ட அதே அளவுதானே?

மாமா பையன் கேட்டது இது. வெர்னியரில் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஸ்டெபிலைசர் துளையும் பிளஞ்சர் (அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் ஊசி) துளையும் 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. விட்டம் 7.94 மி.மீ.; 8 மி.மீ.க்கு நூலிழை வித்தியாசம். ஆனால் மரையின் இடைவெளி இதில் 1.06 மி.மீ., சாதாரண எட்டு எம்.எம். போல்ட்டில் 1.25 மி.மீ. முதல் ஒன்றிரண்டு சுற்று இனிமையாக ஏறும், பிறகு இறுகும். அப்போது ஸ்பேனர் போட்டுத் திருகினால் மெக்னீசியத்தின் மரை மாவாகக் கொட்டும்.

லிம்ப் போல்ட்டின் மரை ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறும். மரை அளவுகோல் வைத்துப் பார்க்காமல் எதையும் திருகாதீர்கள். மரை தேய்ந்திருந்தால் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பதிக்கும் கம்பிச் சுருள்) போட்டுக்கொள்ளலாம். எப்படியானாலும் போல்ட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது உள்ளே பிடித்திருக்க வேண்டும்.

அண்ணா, அறுபது பவுண்டு காம்பவுண்டை ஈஸியா இழுக்கறேன். ரிகர்வ்லயும் அறுபதே போடலாமா?

வேண்டாம் தம்பி. பழைய காம்பவுண்டில் 50 சதவீதம் சுமை குறையும் என்று வைத்துக்கொண்டால், முழுசாக இழுத்து நிற்கும்போது உன் விரலில் இருப்பது 30 பவுண்டுதான். ரிகர்வில் சுமை கடைசிவரை ஏறிக்கொண்டே போகும். குறி பார்க்கும் அந்த நொடியில்தான் அதிகபட்சம். 26 அல்லது 28 பவுண்டில் ஆரம்பி. இது உன் தோளுக்காக மட்டும் சொல்வதில்லை. புதிதாகத் துளைத்த பழைய ரைசருக்கும் அதுவே நல்லது. என்னுடைய எதிலும் 40 பவுண்டுக்கு மேல் போனதில்லை.

லிம்ப்ல முப்பதுன்னு எழுதியிருக்கு, தராசு முப்பத்தஞ்சு காட்டுதே?

லிம்பில் அச்சிட்டிருப்பது 25 அங்குல ரைசரில், 28 அங்குலம் இழுத்தால் வரும் எடை. ரைசர் குட்டையானால் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு ஏறும். 21 அங்குல ரைசர் என்றால் அங்கேயே நான்கு பவுண்டு. மீதி ஒன்று கோணத்திலிருந்து வந்திருக்கும். வாங்கும்போதே இதைக் கழித்து வாங்குங்கள். உங்கள் இழுப்பு 26 அங்குலம்தான் என்றால் நான்கு பவுண்டு போல மறுபடி குறையும்.

நாண் எந்த நீளம்? மாட்டினதும் சுடலாமா?

25 அங்குல ரைசரில் நடு அளவு லிம்ப் 68 அங்குல வில் ஆகிறது. ரைசர் எத்தனை அங்குலம் குறைகிறதோ அத்தனையை அதில் கழியுங்கள். நாண் வில்லைவிட மூன்று, நான்கு அங்குலம் குறைவாக இருக்கும். பழைய ரைசரில் கணக்கு கொஞ்சம் தப்பும் என்பதால் முதலில் மலிவான டேக்ரான் நாண் ஒன்றை வாங்கி, முறுக்கை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கைப்பிடிக் குழியிலிருந்து நாண் 62 அங்குல வில்லில் எட்டு அங்குலத்தை ஒட்டி நின்றால் சரி. அந்த நீளம் தெரிந்த பிறகு நல்ல நாண் வாங்கலாம்.

மாட்டியதும் கையில் பிடித்து இழுக்காதீர்கள். ஸ்ட்ரிங்கர் (நாண் ஏற்ற உதவும் கயிறு) வைத்து நாண் ஏற்றி ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு கைப்பிடியைத் தூணில் கட்டி, கப்பி வழியாகக் கயிறு போட்டு, விலகி நின்று, மெதுவாக ஐம்பது முறை இழுத்துத் தளர்த்துங்கள். கழற்றி மறுபடி சாக்பீஸ் பொடி. அப்புறம்தான் கையில். அம்பு இல்லாமல் இழுத்து விடுவது எப்போதும் கூடாது.

இதை வெச்சுப் போட்டியில கலந்துக்கலாமா? வேட்டைக்கு?

உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதியில் பேர்போ (குறி பார்க்கும் கருவி இல்லாத வில்) பிரிவுக்கு, நாண் இறக்கிய வில் 12.2 செ.மீ. விட்ட வளையத்துக்குள் நுழைய வேண்டும். கேபிள் கம்பியைக் கழற்றிய குட்டை ரைசர் பெரும்பாலும் நுழைந்துவிடும். மற்றதை அங்குள்ள நடுவரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

வேட்டை என்றால் மிச்சிகனில் உரிமமும் பருவமும் உண்டு. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ஊரில் இருப்பவர்கள் வைக்கோல் இலக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா அம்பு இடப்பக்கமே போகுது. ரைசர் கோணலா?

முதலில் நூல் சோதனையை மறுபடி செய்யுங்கள். நூல் நடுவில் ஓடினால் ரைசரைச் சந்தேகிக்க வேண்டாம். வலக்கைக்காரருக்கு அம்பு இடப்பக்கம் போனால், பெரும்பாலும் அம்பு அந்த வில்லுக்கு விறைப்பு அதிகம் என்று அர்த்தம். காம்பவுண்டில் எய்த அதே அம்பை 30 பவுண்டு ரிகர்வில் போட்டால் இதுதான் நடக்கும். மெல்லிய தண்டோ, முனையில் இன்னும் கனமான கூரோ தேவை.

இன்னொன்றையும் பாருங்கள். பழைய காம்பவுண்ட் ரைசர்களில் ஜன்னல், அதாவது கைப்பிடிக்கு மேல் அம்பு போகும் வெட்டு, நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே வெட்டப்பட்டிருக்கும். விரலால் விடும்போது நாண் பக்கவாட்டில் சற்றுப் புரளும். அதனால் அம்பின் முனை நாணுக்கு இடப்பக்கம் லேசாக எட்டிப் பார்க்க வேண்டும். பிளஞ்சரை வெளியே திருகி அந்த அளவு கொண்டுவாருங்கள். அம்பைத் தாங்கும் ஒட்டும் ரெஸ்ட் மட்டும் வைத்திருந்தால் அதன் அடியில் ஒரு துண்டுத் தோல் ஒட்டுங்கள். என் 19 அங்குல ரைசரில் பழைய செருப்பு வாரிலிருந்து வெட்டிய 3 மி.மீ. தோல் ஐந்து வருடமாக அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.